எழுத்தும் சொல்லும் விளையாட்டும்

(வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



எமக்கு முன் பேசிய பெருமக்கள் உயர்கல்வி பற்றியும், போட்டித் தேர்வுகள் பற்றியும், இடஒதுக்கீட்டைக் காக்க வேண்டிய கடமை பற்றியும் விரிவாக எடுத்துரைத்தனர். எமக்கு அளிக்கப்பட்ட பொருள் மிகச் சிறியது. ஐந்து, ஆறு அகவைக் குழந்தைக்கு எழுத்தின் ஒலியையும் சொல்லையும் விளையாட்டின் வழியே எவ்வாறு கற்பிப்பது என்பதே அது. ஆயினும், பத்தாம் வகுப்பில் தோற்றவர்கள் என்று நாம் கணக்கிடும் பிள்ளைகளுள் பலர் இரண்டாம் வகுப்பிலேயே தோற்றுவிட்டவர்கள் என்பதை எம் பணிக்காலத்தில் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். எழுத்துக் கைகூடாத பிள்ளை, வாய்பாட்டையும் செய்யுளையும் செவியால் பிடித்து ஒப்பித்துக்கொண்டே மூன்று நான்கு ஆண்டுகளைக் கடத்திவிடும். ஐந்தாம் வகுப்பில் புதிய பக்கம் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் அங்கே நின்றுவிடும். அன்று முதல் அதற்குப் 'படிப்பு ஏறாத பிள்ளை' என்று பெயர். அப்பெயரைச் சுமந்து எம் முன் வந்து நின்றவர்களுள் நம் குடியிருப்புப் பிள்ளைகள் மிகுதி. ஆதலின் சிறு பொருளாயினும் இதைச் சற்று விரிவாகவே பேச விழைகிறோம்.

நாம் பயின்ற முறையை நினைத்துப் பாருங்கள். 'ஆனா, ஆவன்னா' என்று ஆசிரியர் நீட்டினார், நாமும் நீட்டினோம். கரும்பலகையில் 'படம்' என்று எழுதி, எழுத்துக்கூட்டிப் படி என்றார். 'பானா, டானா, இம்' என்று கூட்டினோம். பானாவையும் டானாவையும் இம்மையும் எத்துணை விரைவாகச் சேர்த்துச் சொன்னாலும் 'படம்' வாராது. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. கூரிய செவியுடைய பிள்ளை பெயரைக் கழித்து ஒலியைத் தானே பிரித்தெடுத்துக்கொண்டது. வேறு சில பிள்ளைகளுக்கு வீட்டில் தந்தையோ தமக்கையோ அருகமர்ந்து பிரித்துக் காட்டினர். கதிர் அறுக்கவும் கல் உடைக்கவும் போய்விட்டு இருட்டியபின் வீடு திரும்பும் பெற்றோரின் பிள்ளைக்கு யார் பிரித்துக் காட்டுவார்? அது பானாவிலேயே நின்றுவிட்டது. குறை பிள்ளையின் மூளையில் இல்லை, முறையில் இருந்தது.

ஆகவே செவிக்கே முதல் பாடம். கண்ணும் கையும் அதன் பின்னர் வரட்டும். செவிக்காக யாம் வைக்கும் முதல் விளையாட்டுக்குப் பிள்ளைகளே 'தலை வயிறு கால்' என்று பெயரிட்டுவிட்டனர். ஆசிரியர் ஓர் ஒலியைக் கூறுவார். அடுத்து ஒரு சொல்லைக் கூறுவார். அவ்வொலி சொல்லின் முதலில் வந்தால் பிள்ளை தன் தலையைத் தொட வேண்டும். நடுவில் வந்தால் வயிற்றை. இறுதியில் வந்தால் காலை. மகர ஒலியைக் கூறி 'மரம்' என்றால் தலையையும் தொட்டுக் காலையும் தொட வேண்டும். 'தம்பி' என்றால் வயிறு. பலகையும் வேண்டா, பல்பமும் வேண்டா. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் குனிந்து நிமிர்வதைப் பார்த்தாலே எந்தப் பிள்ளையின் செவி திறந்திருக்கிறது, எது அடுத்த பிள்ளையைப் பார்த்துச் செய்கிறது என்பது ஆசிரியருக்கு விளங்கிவிடும். தேர்வு வைத்தாலும் இவ்வளவு தெளிவாக விளங்காது.

இவ்விளையாட்டுக்கு வேறொரு பயனும் உண்டு. அரிச்சுவடிகள் பலவும் 'அ, அணில்' என்பது போல ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சொல்லின் முதலில் வைத்தே காட்ட முயல்கின்றன. உயிரெழுத்துகளுக்கு அது பொருந்தும். மெய்களுக்கோ? நம் இலக்கணப்படி 18 மெய்களுள் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் 8 மெய்கள் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ரகரத்துக்கு ரயிலையும், லகரத்துக்கு லட்டையும், டகரத்துக்கு டமாரத்தையும் வைத்து ஒப்பேற்றிவிடலாம். ழகரத்துக்கும் ளகரத்துக்கும் ணகரத்துக்கும் யாரிடம் போய்க் கடன் வாங்குவது? இந்த எட்டையும் சொல்லின் வயிற்றிலும் காலிலும்தான் தேட வேண்டும்: பழம், பள்ளி, கண், காற்று, மீன். தலைமேல் ஏற்றி வைக்கப்படாத எழுத்துகள் இவை. ஆனால் ழகரம் இல்லையேல் நம் மொழிக்குப் பெயரே இல்லை. இதைக் கூறியதும் அவையில் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறோம். பொருள் விளங்கிவிட்டது என்று கொண்டு மேலே செல்வோம்.

குறில், நெடில் வேறுபாட்டுக்கு நம் இலக்கண ஆசிரியர்களே ஒரு விளையாட்டை விட்டுச் சென்றுள்ளனர். கண்ணிமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் மாத்திரைக்கு அளவு என்று அவர்கள் வகுத்தனர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. உயர்நிலைப் பள்ளியில் மனப்பாடப் பகுதியாகக் கிடக்கும் இந்த நூற்பாச் செய்தியை முதல் வகுப்பின் தரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது எம் கருத்து. தரையில் பாண்டிக் கட்டம் கீறி, குறிலுக்கு ஒரு கட்டம் குதிக்கவும், நெடிலுக்கு இரண்டு கட்டம் தாவவும், புள்ளி வைத்த எழுத்துக்கு நின்ற இடத்திலேயே குந்தி எழவும் பழக்குகிறோம். 'கல்' என்றால் ஒரு குதி, ஒரு குந்தல். 'கால்' என்றால் ஒரு தாவல், ஒரு குந்தல். பிறகு எடு – ஏடு, கொடு – கோடு, முடி – மூடி, விடு – வீடு என்று இணை இணையாகச் சொற்களைக் கூறுவோம். 'முடி' என்றதும் தாவிவிட்ட பிள்ளை ஆட்டம் இழக்கும், வசவு வாங்காது. அடுத்த முறை செவியைத் தீட்டிக்கொண்டு நிற்கும்.

பட்டு என்பதைப் 'படு' என்றும், புள்ளி என்பதைப் 'புளி' என்றும் எழுதும் பிழை எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. சிவப்பு மையால் எத்தனை முறை சுழித்தாலும் அது போவதில்லை. அந்தப் புள்ளியெழுத்தின் அரை மாத்திரையை அப்பிள்ளை கேட்டதே இல்லை. விடு – விட்டு, தடு – தட்டு, பலி – பல்லி என்று குந்தி எழுந்த பிள்ளைக்கு அங்கே ஓர் எழுத்து ஒளிந்திருப்பது உடம்பிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் இப்பிழை பாதிக்கு மேல் குறையக் கண்டோம். புலி – புளி, மனம் – மணம், கரி – கறி, வலி – வழி போன்ற இணைகளுக்கு நாவின் பழக்கமும் வேண்டும்; அவற்றை அவசரப்படுத்தலாகாது. முதல் வகுப்பில் செவி பிரித்தறிந்தால் போதும்.

மற்றொன்றையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். தமிழில் ஓர் எழுத்துக்கு எப்போதும் ஒரே ஒலி என்று எண்ணிவிடாதீர்கள். 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகரமும் இறுதியில் வரும் பகரமும் ஒன்றுபோல் ஒலிக்கின்றனவா? பக்கம், பங்கு, பகல் என்னும் மூன்று சொற்களிலும் ககரத்தைக் கேளுங்கள். இரட்டிக்கும்போது வலிக்கிறது, மெல்லினத்தை அடுத்து வரும்போது தணிகிறது, இரண்டு உயிர்களின் நடுவே இளகிவிடுகிறது. எழுத்தைத் தனியே பிடுங்கிக் காட்டினால் இதைப் பிள்ளைக்கு விளக்குவது பெரும்பாடு. சொல்லுக்குள் வைத்துக் காட்டினால் விளக்கமே வேண்டா; பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே அவ்வாறுதான் பேசிக்கொண்டிருக்கிறது. எனவேதான் 247 எழுத்துகளையும் வரிசையாக முடித்த பின்னரே சொல் என்னும் பிடிவாதத்தை விட்டுவிடுங்கள் என்கிறோம். ட, ப, ம மூன்றும் தெரிந்த அன்றே படம், மடம், பட்டம் ஆகியவற்றைப் பிள்ளை படித்துவிட வேண்டும். பட்டம் விடத் தெரிந்த பிள்ளைக்கு அச்சொல்லைப் படித்த அன்று ஏற்படும் மகிழ்ச்சி, ஙகர வரிசையை ஒப்பிப்பதில் ஏற்படாது.

இடையில் ஒரு செய்தி. தந்தை பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்று 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதனால் ஆகாரம் என்றால் எங்கும் ஒரே துணைக்கால், ஐகாரம் என்றால் எங்கும் ஒரே குறி என்றாயிற்று. இன்றைய பிள்ளைகளின் சுமையில் அவ்வளவு குறைந்தது. உகர, ஊகார வரிசைகள் இன்னும் சீர்ப்படவில்லை. கு, சு, டு, து ஆகியவற்றைப் பாருங்கள். நான்கும் நான்கு விதம். இவ்வரிசைகளுக்கு மட்டும் நாள்களைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

இனிச் சொற்களுக்கு வருவோம். கடையில் விற்கும் படச்சுவடியில் உள்ள சொற்களே சொற்கள் என்று நம் இளைஞர்களும் நினைக்கின்றனர். மாலை வகுப்பில் யாம் பரிந்துரைக்கும் விளையாட்டு 'சொல் சந்தை'. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் மூன்று சொற்களைக் கொண்டுவர வேண்டும்; அவற்றைச் சீட்டில் எழுதி 'விற்க' வேண்டும்; வாங்குகிற பிள்ளை படித்துக் காட்டினால் சீட்டு அதற்குச் சொந்தம். ஒரு மாலையில் வந்து குவிந்த சொற்களைக் கேளுங்கள்: நாற்று, வரப்பு, பதர், தூற்றுதல், முறம், கூடை, நத்தை, நண்டு, கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை. ஒரு சிறுவன் மட்டும் பதினொரு மீன்களின் பெயரைக் கூறினான். உடனிருந்த பட்டதாரி ஆசிரியைக்கு நான்கே தெரியும். சொல்வளம் குறைந்த பிள்ளைகள் என்று நம் பிள்ளைகளைப் பற்றி எழுதுவோர் அந்தச் சந்தைக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம்.

அச்சந்தையில் ஒரு சிறுமி 'பறை' என்று கூறினாள். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. சிறுமியின் முகம் சுருங்கியது. அச்சொல்லைக் கரும்பலகையின் நடுவில் பெரிதாக எழுதச் செய்தோம். பறை என்பது கருவியின் பெயர் மட்டுமன்று. சொல்லுதல், அறிவித்தல் என்னும் பொருளும் அதற்குத் தமிழில் உண்டு. அண்டை மொழியாகிய மலையாளத்தில் இன்றும் பேசுவதற்கு அச்சொல்லே வழங்குகிறது. இதைக் கூறி, ஒவ்வொருவரும் தாம் வாங்கிய சொல்லை இனிப் 'பறைய' வேண்டும் என்றோம். அவ்வாண்டு முழுவதும் அவ்வகுப்பில் வாய்விட்டுப் படிப்பதற்குப் பறைதல் என்றே பெயர். றகரத்துக்கு அதனினும் நல்ல எடுத்துக்காட்டை யாம் இதுவரை கண்டதில்லை.

பிள்ளையின் பேச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'வூடு' என்று பிள்ளை கூறினால், 'ஆம், வூடு. எழுதும்போது வீடு என்று எழுதுவோம்' என்று சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். முகத்தைச் சுளித்தால் அப்பிள்ளை நாளை வாய் திறக்காது. வாய் திறக்காத பிள்ளைக்கு ஒலியைக் கற்பிக்க எவராலும் இயலாது. வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்பாரும் 'வாளப்பளம்' என்பாரும் எல்லாச் சாதியிலும் உளர். எழுதுவது போலவே பேசுவோர் இந்நாட்டில் ஒருவரும் இலர். அவ்வாறிருக்க, பிறர் பேசினால் வட்டார வழக்கு, நம் பிள்ளை பேசினால் சேரிப் பேச்சு என்பது எந்த இலக்கணத்தில் உள்ள விதி?

விளையாட்டு முறை மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று சிலர் கருதுகின்றனர். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே பயின்றனர். எழும்பூரில் சிறுவர் அநாதை இல்லப் பள்ளியைக் கண்காணித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் கைக்கொண்டார். அதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அங்கு அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. கடல் கடந்து போன அந்த மணல், ஊருக்கு வெளியே இருந்த நம் முன்னோரின் விரலுக்கு எட்டவில்லை. 1894-இல் ஆல்காட் அடையாற்றை அடுத்து நம் மக்களுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கியதும், அயோத்திதாசப் பண்டிதர் அம்முயற்சிக்குத் துணை நின்றதும் நீங்கள் அறிந்தவை. அதே அடையாற்றுக்கு 1939-இல் மரியா மாண்டிசோரி வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவியபடியே அதன் ஒலியைக் கூற வேண்டும், பெயரை அன்று, என்பது அவர் முறை. நம் தலைவர் எம்.சி. ராஜா அடிப்படையில் பள்ளி ஆசிரியர் என்பதையும், பாடநூல்கள் எழுதியதோடு மழலையர்க்கான பாட்டு நூல் ஒன்றையும் ஓர் ஆசிரியையுடன் இணைந்து உருவாக்கினார் என்பதையும் இன்றைய இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? சட்டமன்றத்தில் வாதாடிய அப்பெருமகனார் மழலைப் பாட்டைச் சிறு வேலை என்று கருதவில்லை.

இங்கே யாம் அழுத்திக் கூற விரும்புவது ஒன்று உண்டு. வரிசையாக அமர்ந்து பார்த்தெழுதும் வகுப்பில் தீண்டாமையை மறைத்து வைத்துக்கொண்டே ஆண்டு முழுவதும் பாடம் நடத்திவிடலாம். கை கோத்து வட்டமாக நின்று ஆடும் வகுப்பில் அது இயலாது. அண்ணல் அம்பேத்கர் சிறுவராகப் பள்ளியில், வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற சாக்கின்மேல் தனியே அமர வைக்கப்பட்டதைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். அப்பள்ளியில் எழுத்துக் கற்பித்தார்கள், அவரும் கற்றார். அவர் கையைப் பற்றி ஆட மட்டும் அங்கு யாருமில்லை. யாம் பணியாற்றிய ஊர் ஒன்றில் வட்ட விளையாட்டைத் தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு பெற்றோர் வந்தார். 'எழுத்து மட்டும் சொல்லிக் கொடுங்கள் ஐயா, இந்தக் கை கோக்கும் வேலையெல்லாம் எதற்கு?' என்றார். 'இதுதான் எழுத்துப் பாடம், பாடவேளையில் நடக்கிறது, வேண்டுமானால் அமர்ந்து பாருங்கள்' என்றோம். அமரவில்லை. நான்கு நாள் அவர் பிள்ளை வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தானே ஓடிவந்து, வட்டத்தில் தன் பழைய இடத்தில் நின்று, இருபுறமும் கையை நீட்டியது. ஒருபுறம் நின்றது நம் தெருப் பிள்ளை. வட்டம் மூடியது, பாடம் தொடங்கிற்று.

அரசும் இவ்வழியில் சில அடிகள் வைத்துள்ளது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–2008 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் பரவியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. அக்காலத்தில் முதல் வகுப்பைக் காணாமலே இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஏராளம். அவ்விடைவெளியை நிரப்ப 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. திட்டங்கள் நல்லவையே. அட்டைகள் கிழிந்துவிடும் என்று அஞ்சி அவற்றைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பள்ளிகளையும் கண்டிருக்கிறோம். கிழியாத அட்டையால் யாருக்குப் பயன்?

மாலை வகுப்பு நடத்தும் தம்பி, தங்கையர்க்குச் சில சொற்கள். உங்களுள் சிலர் கையில் பிரம்போடு நிற்பதைக் கண்டோம். உங்களுக்கு எழுத்துக் கற்பித்தவரைப் போலவே நிற்கிறீர்கள். அதை வைத்துவிடுங்கள், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அதற்கு இடமளிக்கவில்லை, நம் சங்கக் கட்டடத்திலும் வேண்டா. தம்பி தங்கையை இடுப்பில் சுமந்து வரும் சிறுமியைத் திருப்பி அனுப்பாதீர்கள். இடுப்புக் குழந்தையும் வட்டத்தில் நிற்கட்டும், அதன் செவியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். நாள் முழுதும் பள்ளியில் அமர்ந்துவிட்டு வரும் பிள்ளையை மீண்டும் அமர வைத்தால் உறங்கிவிடும். ஆதலின் முதல் அரைமணி நேரம் நின்று ஆடும் விளையாட்டே இருக்கட்டும்.

ஆனால் ஆட்டத்தோடு விட்டுவிடலாகாது. பாடிக் கைதட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விளையாட்டு வழிக் கல்வி நடத்தினோம் என்று பதிவேட்டில் எழுதுவோரும் உண்டு. இது கடுமையாகப் பார்த்தெழுத வைப்பதினும் தீங்கானது. அங்கே எழுத்தாவது கண்ணில் படும். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும், ஆடிய ஒலியைப் பலகையில் எழுதி, அதே ஒலியுள்ள மூன்று சொற்களைப் பிள்ளை படித்துக் காட்டியே தீர வேண்டும். நோட்டு நிறைய எழுதவில்லையே என்று வருந்தும் தாய்மார்களுக்கும் இதையே விடையாகக் கூறுகிறோம். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் குறையில்லை. இரவில் பிள்ளையை அருகில் அழைத்து, 'இன்று என்ன சொல் வாங்கி வந்தாய்?' என்று கேளுங்கள். சீட்டைக் காட்டிப் பறையும்.

ஆங்கில ஒலிப்பு வகுப்புகளுக்குப் பணம் கட்டலாமா என்று சிலர் கேட்கின்றனர். வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டா என்பது எம் கருத்து. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைக் காட்ட வேண்டியிருப்பதால் அங்குக் குழப்பம் மிகுதி. அம்மொழிக்கு அப்பயிற்சி தேவைதான். எனினும் ஒரு சொல்லைத் தலை, வயிறு, கால் எனப் பிரித்துக் கேட்கப் பழகிய செவிக்கு அந்த வேலையும் எளிதாகும். அதற்கு ஆகும் செலவு நம் சங்கத்தில் ஒன்றுமில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 'கிச்சுக்கிச்சுத் தாம்பாளம்' நீங்கள் எல்லாரும் ஆடியதே. மணலைக் கரையாகக் குவித்து, உள்ளே குச்சியை ஒளித்து, எதிரில் இருப்பவர் கை கோத்துப் பொத்துவார். குச்சிக்குப் பதிலாக எழுத்து எழுதிய சோடா மூடியை ஒளிக்கிறோம். கண்டெடுத்த பிள்ளை அவ்வெழுத்து வரும் இரண்டு சொற்களைக் கூறினால் மூடி அதற்கு. நம் தெருப் பெட்டிக்கடைகளிலிருந்து ஒரு சாக்கு நிறைய மூடிகள் வந்து சேர்ந்துள்ளன. கழுவிக் காயவைத்தாயிற்று. வண்ணமும் தூரிகையும் வாங்கி வைத்திருக்கிறோம். எழுதுவதற்கு அழகிய கையெழுத்துடையவர்கள் பத்துப் பேர் வேண்டும். ழகரமும் ளகரமும் தெளிவாக வேறுபட எழுதத் தெரிந்தவர்களாக இருந்தால் நலம். விழா முடிந்ததும் மேடைக்குப் பின்புறம் உள்ள வேப்பமரத்தடியில் காத்திருப்போம்.